ஆயிரத்து இருநூறு கரும்பு தின்ற எலி

ஒரு காட்டில் ஓடை இருந்தது. ஓடைக்கரையில் ஒரு வளை இருந்தது. வளைக்குள் வேலாத்தாள் என்ற எலியும் அவள் கவலையும் குடியிருந்தார்கள். புருஷனும் ஏழு குஞ்சுகளும்கூட இருந்தார்கள்தான். ஆனால் வளையில் அதிக இடம் பிடித்தது கவலை.

கவலைக்குக் காரணம் உண்டு. ஐப்பசி பிறந்தால் ஓடை பெருகி, தண்ணீர் வளைக்குள் வந்துவிடும். போன வருஷம் ஒன்பது நாள் குடும்பமே ஒரு கொட்டாங்குச்சியில் மிதந்தது. இந்த வருஷம் குஞ்சுகள் பெருத்துவிட்டன. கொட்டாங்குச்சி பெருக்கவில்லை. வேலாத்தாள் குஞ்சுகளை ஒரு நாளைக்கு இருபது தடவை எண்ணுவாள். எண்ணும்போதெல்லாம் ஏழுதான் வரும். அடுத்த தடவை ஆறு வந்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே மறுபடி எண்ணுவாள்.

அந்தக் காட்டில், பாறை மேட்டின் மேலே, தண்ணீர் ஏறாத இடத்தில், வரிசையாகப் புது வளைகள் தோண்டி விற்றார்கள். மேட்டு வளைக் கடன் சங்கம் என்று பெயர். வளையை உடனே தந்துவிடுவார்கள். மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். ஆவணி மாதம் முதல் தேதி வேலாத்தாள் அங்கே போனாள்.

சங்கத்தின் செயலாளர் ஓர் உடும்பு. வருகிறவர்களை உட்காரச் சொல்வார். உட்கார இடம் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, எனக்கு ஒரு மேட்டு வளை வேணுமுங்க. மாசம் பத்துப் பிடி கொள்ளு தவறாம கட்டிருவனுங்க" என்றாள் வேலாத்தாள்.

"கட்டிருவீங்க அம்மிணி. வர்றவங்க எல்லாருமே கட்டிருவேன்னுதான் சொல்றாங்க. உங்க நம்பர் என்ன?"

"என்ன நம்பருங்க?"

உடும்பு கண்ணை மூடித் திறந்தார். காட்டின் நடுவில் ஒரு வேங்கை மரம் உண்டு. அதற்கு நாணய மரம் என்று பெயர். யார் கடன் வாங்கினாலும், கட்டினாலும், கட்டாமல் விட்டாலும் மரங்கொத்தி அதை அந்த மரத்தில் கொத்தி வைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சாண் பட்டை. அதில் இருப்பதை வைத்து ஒரு நம்பர் போடுவார்கள். குறைந்தது முந்நூறு, அதிகம் தொள்ளாயிரம். ஏன் ஆயிரம் வரை இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் நம்பர் குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

உடும்பு மரத்துக்கு ஆள் அனுப்பி வேலாத்தாளின் ரிப்போர்ட்டை வரவழைத்தார். பிரித்தார். மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

"முந்நூத்திப் பன்னெண்டு."

"அது நல்லதுங்களா?"

"பாம்புக்கே நானூறு இருக்குதுங்க அம்மிணி."

"நான் பொறந்ததிலிருந்து ஒருத்தர்கிட்டயும் ஒரு நெல்லு கடன் வாங்கினதில்லீங்களே!"

"மாரப்பன் கரடி கடையில ஆயிரத்து இருநூறு கரும்பு. தை மாசம் வாங்கியிருக்கீங்க. ஏழு மாசமா ஒரு தவணையும் கட்டலை."

"நானுங்களா? கீழ கெடக்கிற ஒரு கரும்புச் சக்கையை வீட்டுக்கு இழுத்துட்டுப் போறதுக்கே எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பகல் ஆகுமுங்க."

"அதையெல்லாம் மரத்துல போய்ச் சொல்லுங்க. இப்ப நான் பார்த்ததுல அஞ்சு குறைஞ்சிருச்சு. முந்நூத்தி ஏழு."

"பார்த்தாலே குறையுமுங்களா?"

"அடிக்கடி பார்க்க வைக்கிறவங்க ஏதோ அவசரத்துல இருக்காங்கன்னு அர்த்தம்."

அவசரம்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டுக்கு ஓடினாள்.

புருஷன் விஷயத்தைக் கேட்டான். நெடுநேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "ஆயிரத்து இருநூறு கரும்பு! எனக்கு ஒரு துண்டு குடுத்தியா நீ?"

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?"

"சரி விடு. மரப்பட்டைதான? நாம எலி. ஒரே கடியில எடுத்தெறிஞ்சுட்டு வந்துரலாம்."

"கடிச்சா அது நாம செஞ்ச தப்பாயிரும். இப்ப அது அவங்க செஞ்ச தப்பு. நான் முறைப்படிதான் போவேன்" என்றாள் வேலாத்தாள். இந்த இடத்தில் நல்ல கதைகளில் பூமாரி பொழியும். இங்கே ஒன்றும் பொழியவில்லை.

மறுநாள் நாணய மரத்தடியில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட இலை கொடுத்தார்கள். கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து, "உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. வரிசையில் முன்னால் நின்ற ஆமை, "போன வருஷமும் இதையேதான் சொல்லுச்சு" என்றது. அது போன வருஷத்திலிருந்து அதே வரிசையில்தான் நின்றிருந்தது.

மரங்கொத்தி குமாஸ்தா ஒரு தேக்கு இலையை நீட்டினார். புகார்ப் படிவம். வேலாத்தாளுக்குக் கவலை வந்தால் எதையாவது கொறிப்பாள். முதல் படிவத்தில் முகவரி போடும் இடத்தைக் கொறித்துவிட்டாள். இரண்டாவதில் புகாரையே கொறித்துவிட்டாள். மூன்றாவது படிவம் முழுசாகத் தேறியது.

"இன்னும் முப்பது நாள்ல பதில் வரும்" என்றார் குமாஸ்தா.

"இதுல என்னங்க முப்பது நாளு? என்னைப் பாருங்க, கரும்பைப் பாருங்க. கண்ணுல பார்த்தாலே தெரியுமில்லீங்களா?"

"நாங்க கண்ணுல பார்க்கறதில்லம்மா. கடன் குடுத்தவங்ககிட்ட எழுதிக் கேப்போம். அவங்க தப்புன்னு சொன்னா தப்பு. சரின்னு சொன்னா சரி."

"தப்பு பண்ணினவங்ககிட்டயே தப்பான்னு கேப்பீங்களா?"

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார் குமாஸ்தா. உண்மையாகவே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

முப்பது நாளும் வேலாத்தாள் மேகத்தை எண்ணினாள், குஞ்சுகளை எண்ணினாள். முப்பத்தோராம் நாள் பதில் வந்தது. 'சரிபார்க்கப்பட்டது. பதிவு சரியே. நன்றி.' புகார் கொடுத்ததற்காக நம்பரில் இன்னும் ஐந்து குறைத்திருந்தார்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி எழுதிக் கேட்டுப் புண்ணியமில்லை என்று, வேலாத்தாள் நேராகக் கரடி கடைக்கே போனாள்.

மாரப்பன் கரடி கெட்டவன் அல்ல. கடையில் தேன், கரும்பு, வெல்லம் விற்பான். அவனுக்கு எழுதப் படிக்க வராது. அதனால் அவன் கணக்கு வைக்கும் முறை தனி. கடன் கேட்டு யாராவது வந்தால், தரையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, "கால் வெச்சுட்டுப் போ" என்பான். கால் பதிந்த மண்ணை வெயிலில் காயவைத்து அடுக்கிவிடுவான். மானுக்கு மான் குளம்பு, மயிலுக்கு மூன்று விரல். தப்பே வராது என்று காட்டில் எல்லோரும் புகழ்ந்த முறை அது.

"மாரப்பண்ணா, மரத்திலிருந்து கேட்டதுக்கு எம்பட கடன் சரின்னு சொன்னீங்களாமே?"

"மரத்திலிருந்து எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன். தினம் நூறு கேக்கறாங்க. இல்லைன்னு சொன்னா ஏன் இல்லைன்னு இன்னும் நாலு கேப்பாங்க. கடையை யார் பாக்கறது?"

"அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா."

கரடி பின்கட்டிலிருந்து ஒரு பெரிய களிமண் பலகையை உருட்டிக்கொண்டு வந்தான். ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் அகலம். நடுவில் ஒரு பெரிய வட்டக் குழி. குழிக்குள்ளே, வலப்பக்க ஓரமாக, அழகாக நான்கு சின்னக் கால்தடங்கள்.

"இது உன் காலா இல்லையா? பொய் சொல்லாத."

வேலாத்தாள் குனிந்து பார்த்தாள். முன்னங்காலில் ஒரு நகம் குறைவு. பொறியில் போனது. "எம்பட காலுதானுங்க."

"அப்புறம் என்ன?"

"இந்தக் குழி என்னங்கண்ணா?"

"ஈர மண்ணு. குழி விழுகறது சகஜம்தான?"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தை மாதம் இந்தக் கடை வாசலில் வெல்லத் துணுக்கு பொறுக்க வந்தாள். யாரோ பெரிதாக நடந்து போன சத்தம் கேட்டு ஓடினாள். ஓடும்போது ஈர மண்ணில் கால் சிக்கிக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் கால் கழுவத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். அவன் கொண்டு வரவில்லை. அதனால்தான் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அண்ணா, இது குழி இல்லீங்க. இதுதான் காலு. யானைக் காலு. நான் அதுக்குள்ள ஓடியிருக்கறேன்."

கரடி குழியைச் சுற்றி வந்தான். ஒரு பக்கமாக நின்று பார்த்தான், மறுபக்கமாக நின்று பார்த்தான். "இவ்வளவு பெருசையெல்லாம் யாரு காலுன்னு பாப்பாங்க? நாள் முழுக்க அணில் காலு, எலிக் காலுன்னு குனிஞ்சு பார்த்துப் பழகினவன் நானு. சின்னதுதான் கண்ணுல பட்டுச்சு."

"ஆயிரத்து இருநூறு கரும்பை எலி எப்படிங்கண்ணா தூக்கிட்டுப் போகும்?"

"வண்டி வெச்சுப் போயிருப்பேன்னு நெனச்சேன்" என்றான் கரடி.

ஆயிரத்து இருநூறு கரும்பு கல்யாண வீட்டுக்குத்தான் தேவைப்படும். அந்தக் காட்டில் தை மாதம் கல்யாணம் நடத்திய யானை ஒன்றுதான். செங்கோடன். காட்டுக்கே பெரிய மனிதர். வேலாத்தாள் போனபோது அவர் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. தை மாதம் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார் பத்துப் பேர், பத்து யானை, மூங்கில் நிழலில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்கள்.

வேலாத்தாள் பணிவாகத்தான் பேசினாள். ஆனால் எலிக் குரல் கீச்சுக் குரல். பணிவாகப் பேசினாலும் நாலு வீடு கேட்கும்.

"ஏனுங்க செங்கோடண்ணா! உங்க புள்ள கல்யாணத்துக்குக் கரடி கடையில கடனுக்கு வாங்கினீங்கல்ல கரும்பு, அந்தக் கடனை எம்பேர்ல எழுதிட்டாங்கண்ணா!"

பத்து யானைகளும் மெல்லுவதை நிறுத்தின.

"கடனா?" என்றாள் சம்பந்தியம்மாள். "சொந்தத் தோட்டத்துக் கரும்புன்னு சொன்னீங்க?"

செங்கோடனின் இரண்டு காதும் தாமாக முன்னால் வந்து முகத்தை மூடிக்கொண்டன. அவர் துதிக்கையால் வேலாத்தாளை மெல்லத் தூக்கி, மூங்கில் புதருக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஏ அம்மிணி, உனக்குப் பேச வேற நேரம் கிடைக்கலையா? யாருமே வந்து கேக்கலை. அதனால கட்டிட்டேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

"ஏழு மாசமாவுங்களா?"

"பெரிய உடம்பு. எல்லாம் மெதுவாத்தான் ஞாபகம் வரும்."

அன்று சாயங்காலமே யானை கரடி கடைக்கு வந்தார். குழியில் கால் வைத்துக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. கரடி உடனே, 'பதிவு தப்புதான், கடன் எலியுடையது அல்ல' என்று எழுதத் தெரிந்த ஒரு காக்கையை விட்டு எழுதிக் கொடுத்தான். வேலாத்தாள் அதை வாயில் கவ்விக்கொண்டு, வழியில் கொறித்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, குமாஸ்தாவிடம் இரண்டாவது புகாரைப் போட்டாள். "முப்பது நாள்" என்றார் அவர்.

அதற்கிடையில் யானை ஒரு காரியம் செய்தார். ஆயிரத்து இருநூறு கரும்பையும் வட்டியோடு ஒரே தடவையில் கொண்டுவந்து கரடி கடையில் இறக்கினார். சம்பந்தி வாய்க்குப் பயந்த யானையின் வேகம் வேறு. கரடி வழக்கம்போல எந்தப் பலகையின் மேல் கடனோ அந்தப் பலகையின் மேல் வரவை வைத்தான். பலகை இன்னும் எலி பேரில்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை, ஓடைக்கரையில் ஒரு சத்தம். வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள். உடும்பு செயலாளரே மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி! நீங்க யாருன்னு தெரியாம பேசிட்டேன். எண்ணூத்தி எழுபத்தொண்ணு!"

"என்னங்க அது?"

"உங்க நம்பருங்க! ஆயிரத்து இருநூறு கரும்பு, வட்டியோட, ஒரே தவணையில கட்டியிருக்கீங்க. சிங்கத்துக்கே எழுநூறுதானுங்க. மேட்டு வளை என்ன, நீங்க கேட்டா மேட்டையே எழுதித் தருவோம். வர்ற ஐப்பசி ஒண்ணாம் தேதி முகூர்த்தம் நல்லா இருக்குது. வந்து கையெழுத்துப் போட்டு வளையை எடுத்துக்கங்க."

புருஷன் பின்னாலிருந்து, "அந்தக் கரும்பெல்லாம் எங்க புள்ள வெச்சிருக்கே?" என்று மறுபடி கேட்டான்.

வேலாத்தாள் குஞ்சுகளை எண்ணினாள். ஏழு. ரொம்ப நாள் கழித்து அன்று ஒரே தடவைதான் எண்ணினாள். இரண்டாவது புகார் போட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. நல்லது நடக்கும்போது பழைய காகிதம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

குமாஸ்தாவுக்கு இருந்தது.

ஐப்பசி ஒன்றாம் தேதி, குஞ்சுகளுக்குத் தலை சீவி, சாமான்களை வாலில் கட்டிக்கொண்டு குடும்பம் மேட்டுக்குப் போனது. உடும்பு மாலையோடு நின்றார். கடைசியாக ஒரு தடவை ரிப்போர்ட்டைப் பிரித்தார். மாலையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுமே இல்லீங்களே."

"என்ன இல்லீங்க?"

"நம்பரே இல்லை. உங்க பட்டையில ஒரு எழுத்து இல்லை. வழவழன்னு இருக்குது."

வேலாத்தாள் ஓடினாள். நாணய மரத்தில் குமாஸ்தா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "வாம்மா, வா. உன் புகார் சரின்னு தீர்ப்பாயிருச்சு. உன் பட்டையை அப்படியே செதுக்கி எடுத்துட்டோம். கடன், வரவு, எல்லாத்தையும் யானை கணக்குக்கு மாத்தியாச்சு. முப்பது நாளு சொன்னேன், இருபத்தெட்டே நாள்ல முடிச்சுட்டேன் பார்."

"ஐயோ, சாமி! அந்தத் தப்புனாலதானுங்க எனக்கு வீடே கிடைக்குது!"

மேட்டுக்குத் திரும்பி ஓடி உடும்பிடம் கெஞ்சினாள். "நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்லீங்க. அது நல்லதுதானுங்களே?"

"கடனே வாங்காதவங்களை நம்பி எப்படிங்க கடன் குடுக்கறது?" என்றார் உடும்பு. நியாயமான கேள்விபோல அதைச் சொன்னார்.

வேலாத்தாளின் மூக்கில் ஒரு துளி விழுந்தது. கண்ணீர் என்று நினைத்தாள். மழை.

அந்த நேரம் தரை அதிர்ந்தது. செங்கோடன் யானை மரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே வேலாத்தாளும், அவள் பின்னால் புருஷனும் குஞ்சுகளும் ஓடினார்கள்.

"குமாஸ்தா! எம்பட பட்டையில என்ன எழுதி வெச்சிருக்கே? கல்யாணக் கரும்பு, ஏழு மாசப் பாக்கின்னு ஊரே படிக்கிற மாதிரி! சம்பந்தியம்மா காலையிலிருந்து மரத்தடியில நின்னு ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டிப் படிச்சுட்டு இருக்கறா! அந்தக் கடன் என்னோடது இல்லை!"

குமாஸ்தா திகைத்தார். "பின்ன யாரோடது?"

வேலாத்தாள் யானையைப் பார்த்தாள். யானை வேலாத்தாளைப் பார்த்தார். மழை இன்னும் நான்கு துளி விழுந்தது. அவள் ஜென்மத்தில் பொய் சொன்னதில்லை. ஏழு முகங்கள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னோடதுங்க" என்றாள்.

"ஆயிரத்து இருநூறு கரும்பும் நீயா தின்னே?"

"ஆமாங்க."

"எல்லாத்தையுமா?"

"சக்கையோட."

புருஷன் வாயைத் திறந்தான். வேலாத்தாள் அவன் காலை மிதித்தாள்.

குமாஸ்தா கரடியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்: கடன் எலியுடையது என்பது சரியா? வியாபார நேரம். கரடி தலை நிமிராமல், "சரி" என்றான்.

குமாஸ்தா அலகைச் சொறிந்துகொண்டார். தன் உத்தியோகத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. கடன் வாங்கியவள் வாங்கினேன் என்கிறாள். வாங்காதவர் வாங்கவில்லை என்கிறார். கொடுத்தவன் சரி என்கிறான். மூன்று பேரும் ஒத்துப்போகிறார்கள்!

"முப்பது நாள் ஆகுமுங்களா?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"அதெல்லாம் தகராறு உள்ள புகாருக்கும்மா. இதுல என்ன தகராறு?"

செதுக்கி எடுத்த பட்டையை அவர் பொந்தில் பத்திரமாக வைத்திருந்தார். வேப்பம் பிசினைத் தடவினார், ஒட்டினார், இரண்டு தட்டு தட்டினார். எண்ணூற்று எழுபத்தொன்று. யானையின் பட்டை மறுபடி வழவழவென்று ஆனது. சம்பந்தியம்மாள் படித்துக்கொண்டிருந்த வரி பாதியிலேயே காணாமல் போனது. வரிசையில் நின்ற ஆமை கண் கலங்கியது. தன் வாழ்நாளில் ஒரு புகார் ஒரே மத்தியானத்தில் தீர்ந்ததை அது அன்றுதான் பார்த்தது.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. ஓடை பெருகி, பழைய வளைக்குள் புகுந்து, கொட்டாங்குச்சியை அடித்துக்கொண்டு போனது. மேட்டு வளையின் வாசலில் உட்கார்ந்து வேலாத்தாள் அதைப் பார்த்தாள். உள்ளே போய்க் குஞ்சுகளை எண்ணினாள். ஏழு. வெளியே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒரு கவலையும் இல்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாததால், நாளைக்குப் பிசின் மழையில் கரைந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கவலையைத் தொடங்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

நீதி: உண்மையை நிரூபிக்க முப்பது நாள் ஆகும், மழை அதுவரை பொறுக்காது. அவசரமாக வீடு வேண்டுமென்றால், எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லவும்.